ஆவணி பிறந்ததும் வந்து கூட்டிப் போ

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் உன் எழுத்து இப்படிச் சாய்ந்து கிடப்பதைப் பார்த்தால் நேரத்துக்குச் சாப்பிடாமல் எழுதியது போலிருக்கிறது என்று உன் அம்மா சொல்கிறாள். அவளுக்கு எழுத்தில் பசி தெரியும். எனக்கு எழுத்தில் எழுத்து மட்டும்தான் தெரியும், அதுவும் எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவையில் தாண்டியவன் என்பதால் பையத்தான் வாசித்தேன். வாசித்தவரையில் நீ சொல்வது இதுதான்: ஆடிக்குத் தாய்வீடு போன கோமதி, மாதம் முடிந்ததும் அம்பாசமுத்திரத்திலிருந்து நம் வீட்டுக்கு வந்து இருக்கட்டும். நீ மெட்ராசில் கேஸ் கனெக்‌ஷனுக்குப் பதிந்து வைத்திருக்கிறாய். அது வர ஒரு வருஷம் ஆகலாம். அதற்குள் குழாயில் தண்ணீர் வருகிற வீடாக ஒன்று பார்த்து, கட்டிலும் பீரோவும் வாங்கிப் போட்டு, அதன்பிறகு அவளை அழைத்துக்கொள்கிறாய். ஒரு வருஷம்தானே அப்பா என்று முடித்திருக்கிறாய்.

முடித்தது நீ. கெடுத்தது நான். அதைச் சொல்லத்தான் இத்தனை தாள்கள்; இன்லண்ட் லெட்டரில் அடங்காது. முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை அம்பைக்குப் போய் உன் மாமனார் வீட்டில் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உன் பேரைச் சொல்லித்தான் பொய்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். போனது வேறொன்றுக்கும் இல்லை. ஆடியில் மாப்பிள்ளைதான் போகக் கூடாது, மாமனார் போகலாம் என்று உன் அம்மா சட்டம் சொல்லி, கோமதிக்குப் பிடிக்குமே என்று எள்ளுருண்டை பிடித்து ஒரு தூக்குவாளியில் கொடுத்து அனுப்பினாள். அவர்கள் வீட்டில் எனக்குக் காப்பி வந்தது. சம்பந்தியம்மா டம்ளரை நீட்டிக்கொண்டே, "மாப்ள கேஸ் வந்தப்புறம் கூட்டிட்டுப் போறதா எழுதிருக்காவ அண்ணாச்சி. ஒரு வருசம் என்ன, கண்ண மூடித் தெறக்கதுக்குள்ள ஓடிரும்" என்றார். சொன்ன குரலில் சந்தோஷம் இல்லை. கோமதி அடுக்களை வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. கீரையைப் பார்த்தபடியே, "மாமா, எனக்கு மண்ணெண்ணெ ஸ்டவ் பத்த வைக்கத் தெரியும்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். வைத்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "அவன் அத மாத்தி எழுதிட்டான்லா! ஆவணி பெறந்ததும் அவனே வந்து கூட்டிட்டுப் போறானாம். நேத்துதான் லெட்டர் வந்துச்சு" என்றேன். அந்த நேரத்தில் உன் உண்மையான லெட்டர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. சம்பந்தியம்மாவுக்கு முகம் மலர்ந்து, இட்லிக் கொப்பரை எது, தோசைக்கல் எது என்று அப்போதே பரணைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். உன் மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நல்ல முடிவு சம்பந்தி, நல்ல முடிவு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இனி அங்கே போய் அது பொய் என்று சொல்ல என்னால் முடியாது. அதை நிஜமாக்க ஒருவனால்தான் முடியும். அவன் மெட்ராசில் கேஸுக்குக் காத்துக்கொண்டிருக்கிறான்.

நீ கோபப்படுவாய். உன் குடும்பத்தில் நான் ஏன் தலையிட வேண்டும் என்று கேட்பாய். நியாயம்தான். பதிலாக என் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். இதில் பாதி உனக்குத் தெரியாது. தெரிந்த பாதியும் உன் அம்மா எனக்காக நல்லபடியாக மாற்றிச் சொன்னதாக இருக்கும்.

எங்கள் கல்யாணமும் உன் கல்யாணம் போல வைகாசியில்தான். ஆடி பிறக்கும் முன்பே ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஆள் வந்து உன் அம்மாவை அழைத்துப் போய்விட்டார்கள். ஆடியில் ஏன் பிரித்து வைக்கிறார்கள் என்பது ஊரறிந்த காரணம். சித்திரை வெயிலில் பிரசவம் ஆகக் கூடாது என்பார்கள். இதை மகனுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதியாயிற்று. ஆனால் அதில் ஒரு அநியாயம் உண்டு. நம் ஜில்லாவுக்கு வருஷத்திலேயே நல்ல மாதம் ஆடிதான். மேற்கே மலைமேல் மேகம் இறங்கி நிற்கும். காற்று வேட்டியைப் பிடுங்கும். வெயில் அடிக்கும்போதே நாலு தூறல் முகத்தில் விழும். குற்றாலத்தில் தண்ணீர் கொட்டும். அந்த மாதம் பார்த்துத்தான் புதிதாகக் கல்யாணம் ஆனவனைத் தனியே உட்கார வைத்திருக்கிறார்கள். எட்டு நாள் பொறுத்தேன். ஒன்பதாம் நாள், உன் அம்மா தன் குடையை மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பது கண்ணில் பட்டது. மழை மாதமாயிற்றே, பாவம் குடையில்லாமல் என்ன செய்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அப்போதுதான் பஸ் கம்பெனியில் டைம் கீப்பராகச் சேர்ந்திருந்தேன், அதனால் வழி நெடுக ஏதோ டியூட்டியாகப் போகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஆழ்வார்குறிச்சியில் இறங்கினால் சாரல். குடை கையில் இருக்கிறது. ஆனால் அவளிடம் கொடுக்கிற குடையை ஈரமாக்கிக் கொடுப்பதா என்று விரிக்கவில்லை. தொப்பலாக நனைந்து, காய்ந்த குடையோடு மாமனார் வீட்டு வாசலில் போய் நின்றேன். உன் பெரிய மாமா அப்போது கல்லூரிப் பையன், வாய்த்துடுக்கு அதிகம். "அத்தான், குடையக் குடுக்கவா முப்பது மைல் வந்தீய? தபால்ல போட்டிருக்கலாம்லா?" என்றான். என் மாமனார் மரியாதைக்காரர். "வாங்க மாப்ளே, சாப்பிடுங்க. அடுத்த பஸ்ஸு ஒண்ணே காலுக்கு" என்றார். டைம் கீப்பருக்கே டைம் சொன்ன மனிதர் அவர் ஒருத்தர்தான். சாப்பாடு போட்டார்கள், வெற்றிலை கொடுத்தார்கள். உன் அம்மா மட்டும் கண்ணில் படவே இல்லை. கிளம்பும் நேரத்தில் குடையை வாங்கிக்கொள்ள என்று அரை நிமிஷம் வெளியே வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கைல குடைய வச்சிக்கிட்டு நனைஞ்சிட்டு வந்திருக்கீயளே" என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு திருநெல்வேலி வந்து சேர்ந்தேன்.

அத்தோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அந்த ஊரில் எனக்குக் குடை மாப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டார்கள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "ஏ குடை மாப்ள, இன்னைக்கு மழ உண்டா?" என்று ஒருத்தன் கேட்பான், பந்தியே சிரிக்கும். உன் அப்பனுக்குப் படிப்பு இல்லாவிட்டாலும் ரோஷம் எம்.ஏ. வரை உண்டு. பெண்டாட்டி பின்னால் அலைகிறவன் என்று நினைத்துவிட்டார்களே என்று மனதில் தைத்துவிட்டது. அன்றிலிருந்து உன் அம்மாவோடு சேர்ந்து நடக்கமாட்டேன். பத்தடி முன்னால் போவேன். சினிமா கொட்டகையில் ஆண்கள் பக்கம் போய்த் தனியே உட்காருவேன். அவள் எங்காவது போகலாமா என்று கேட்டால், மனு கொடுத்தவளை ஆபீசர் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "பாப்போம்" என்பேன். ஊர் சிரித்தது ஒரு நாலைந்து வருஷம்தான். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் விறைப்பாகவே இருந்துவிட்டேன். இறக்கி வைக்க மறந்துபோயிற்று.

இதில் வேடிக்கை, என் வேலையே ஊரை எல்லாம் குற்றாலத்துக்கு அனுப்பி வைப்பதுதான். இருபத்தெட்டு வருஷமாக ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் நின்று, எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதுகிறேன். சீசன் வந்துவிட்டால் தென்காசியிலிருந்து வருகிற ஒவ்வொரு டிரைவரிடமும், "தண்ணி எப்படி வே?" என்று கேட்டுக்கொள்வேன். "மெயின் அருவில ஆர்ச்சத் தொடுது அண்ணாச்சி" என்பான் ஒருத்தன். "ஐந்தருவில அஞ்சும் விழுது" என்பான் இன்னொருத்தன். பிரயாணிகள் என்னிடம்தான் கேட்பார்கள். நான் கைக்கடிகாரத்தையும் மேற்கு வானத்தையும் பார்த்து, "இன்னைக்குப் போங்க, நாளைக்கு வெள்ளம் வந்து அடைச்சிருவான்" என்பேன். சொன்னபடி நடக்கும். நம் தெருவில் எனக்கு அந்த விஷயத்தில் பெரிய பேர். ஒரு சீசனில் எத்தனை நாள் தண்ணீர் விழுந்தது என்று என்னைக் கேட்டால் சொல்லிவிடுவேன். இருபத்தைந்து வருஷம் அதில் ஒரு சொட்டுகூட என் தலையில் விழவில்லை.

ஏன் போகவில்லை என்றால், நல்ல நாளுக்காகக் காத்திருந்தேன். முதல் தண்ணீர் கலங்கலாக இருக்கும், தெளியட்டும் என்பேன். தெளிந்தால் கூட்டம் வந்துவிடும். கூட்டம் குறையட்டும் என்பேன். கூட்டம் குறைந்தால் தண்ணீரும் குறைந்துவிடும். அடுத்த வருஷம் பார்ப்போம் என்பேன். உனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது உன் அம்மாவின் தொல்லை தாங்காமல் ஒரே ஒரு தடவை கூட்டிப் போனேன். கூட்டமே இல்லாத நாளாக, ஆவணிக் கடைசியில், கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். கூட்டம் இல்லை; உண்மைதான். பாறையில் நூல் மாதிரி நாலு இழை தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நீ அதற்குக் கீழே ஜட்டியோடு நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "யப்பா, நம்ம வீட்டுக் குழாய்ல இதவிட நல்லா வருமே" என்றாய். பக்கத்தில் எண்ணெய் தேய்க்கிற ஆள்கூடச் சிரித்துவிட்டார். உன் அம்மா அந்த நாலு இழைக்கும் முகத்தைக் காட்டி நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு உறைத்திருக்குமோ என்னவோ.

நான் முழுக்கக் கெட்ட தகப்பன் என்றும் எழுதிவிட மாட்டேன். கொஞ்சம் எனக்காகவும் சொல்லிக்கொள்கிறேன். ஐப்பசி கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்து ரோடு அடைபட்டால் பஸ் ஓடாது. பஸ் ஓடாவிட்டால் எனக்கு எழுத ஒன்றும் இல்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்து உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு, உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு, ஊரோடு ஊராகப் பாலத்துக்கு வெள்ளம் பார்க்கப் போவேன். குறுக்குத்துறைக் கோயில் எவ்வளவு முங்கியிருக்கிறது என்று அங்கே நிற்கிற ஒவ்வொருவனும் ஒவ்வொரு அளவு சொல்வான். செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர், அதில் வாழைமரம் வரும், வைக்கோல் வரும், ஒரு தடவை முழுப் பூசணிக்காய் ஒன்று உருண்டு உருண்டு வந்தது. நீ என் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "யப்பா, புடி, புடி" என்று கத்தினாய். உன் அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் யாருக்கும் தெரியாது என்பதால் நானும் உதறவில்லை. பாலத்து முனையில் சுக்குக்காப்பி விற்பான். ஒரு டம்ளரை மூன்று பேரும் மாற்றி மாற்றிக் குடிப்போம். இப்போது யோசித்துப் பார்த்தால், பஸ் ஓடாத நாட்களில்தான் நான் தகப்பனாகவும் புருஷனாகவும் இருந்திருக்கிறேன். கம்பெனி முதலாளிக்கு நஷ்டமான நாள் எல்லாம் எனக்கு நல்ல நாள். அந்த நாட்களை நான் தேடிப் போகவில்லை. அதுவாக வந்து வீட்டு வாசலில் நின்றது.

இனி எழுதப்போவது உனக்குத் தெரியாதது. மூன்று வருஷத்துக்கு முன், நீ பாலிடெக்னிக் முடித்து மெட்ராஸ் போன மறு வருஷம், ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் தென்காசி வண்டி வந்தது. வழக்கம்போல் டிரைவரிடம் தண்ணீர் எப்படி என்றேன். "ஆர்ச்சத் தொடுது அண்ணாச்சி. பொம்பளைக பக்கம் இன்னைக்கு ஒரே கும்மாளம். உங்க வண்ணார்பேட்டையிலேருந்து ஒரு வேன் வந்திருக்கு, அவுக போடுத சத்தம் ரோடு வரைக்கும் கேக்கு" என்றான். நானும் சிரித்தேன். யார் வீட்டுப் பெண்களோ, கொடுத்து வைத்தவர்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு இரண்டு மணிக்குச் சாப்பிட வந்தால் வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சரின் வீட்டுக்காரர் சாவியோடு வந்தார். "எல்லாரும் குத்தாலம் போயிருக்காவ அண்ணாச்சி, உங்க வீட்லயுந்தான். நம்ம ரெண்டு பேருக்கும் காவல் டியூட்டி. சோறு மூடி வச்சிருக்கு, வாங்க சேந்து சாப்பிடுவோம்" என்றார். அன்று அந்தச் சோறு எனக்கு எப்படி இறங்கியது என்று எழுதமாட்டேன். அவர் நல்ல மனிதர், மோர் வற்றல் பொரித்து வைத்தார்.

சாயங்காலம் வேன் வந்து நின்றது. முதலில் சிரிப்புதான் இறங்கியது, பிறகு பெண்கள். ஈரத் தலையை விரித்துப்போட்டு, கையில் ஒரு பை பழத்தோடு உன் அம்மா வந்தாள். ஆழ்வார்குறிச்சி வாசலில் கேட்டதற்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை. என்னைக் கண்டதும் அது பாதியாகக் குறைந்தது. மகனே, அவள் சிரிப்பைக் குறைக்கிற ஆளாக நான் ஆகியிருக்கிறேன்.

"தண்ணி எப்படி?" என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"உங்களுக்குத் தெரியாததா? டிரைவருட்ட கேட்டிருப்பீயளே."

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா என்ன சொல்லுவீய? கூட்டமா இருக்கும், அடுத்த வாரம் பாப்போம்பீய. இருவத்தஞ்சு வருசமா நான் அடுத்த வாரத்தத்தான பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் தூக்கி வைத்த முகம் எனக்கே கனத்தது. ஆபீசுக்குப் போய் லீவு லெட்டர் எழுதினேன். மானேஜருக்கு ஆச்சரியம். நான் லீவு போட்டால் காய்ச்சல் அல்லது சாவு. "என்ன வே, வீட்ல யாருக்கும் சுகமில்லையா?" என்றார். "எல்லாருக்கும் சுகம் சார், அதான் லீவு" என்றேன். அவருக்கு விளங்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து, நாளைக்குக் குற்றாலம் போவோமா என்றேன். உன் அம்மா, "நான் போயிட்டு வந்துட்டேனே" என்றாள். "நான் போகலயே" என்றேன். அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். பிறகு புளியைக் கரைக்கப் போய்விட்டாள். புளியோதரைக்குத்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

பஸ்ஸில் போகவில்லை. பஸ்ஸில் ஏறினால் நான் நேரம் பார்த்துக்கொண்டே வருவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். காலையில் செங்கோட்டை போகிற பாசஞ்சரில் ஏறினோம். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக அவள் பக்கத்தில், இடம் விடாமல் உட்கார்ந்தேன். பேட்டை தாண்டியதுமே இரண்டு பக்கமும் கார் நெல் பச்சை. சேரன்மகாதேவியில் ஒரு அம்மாள் கோழிக்கூடையோடு ஏறி, தன் மருமகனின் குணங்களைக் கல்லிடைக்குறிச்சியில் இறங்கும் வரை எங்களுக்குச் சொன்னாள். அங்கே எதிர் வண்டிக்காக அரை மணி நேரம் போட்டுவிட்டான். நான் கடிகாரத்தைப் பார்க்கப் போனேன். உன் அம்மா என் மணிக்கட்டைத் தன் கையால் மூடிவிட்டாள். அந்த அரை மணி நேரம் என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றும் நடக்கவில்லை. காற்று அடித்தது. பிளாட்பாரத்து வேப்பமரத்தில் ஒரு ஆடு முன்னங்காலைத் தூக்கிவைத்துக் கிளையை எட்டிப் பார்த்தது. எட்டவில்லை. மறுபடி பார்த்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்த ஆட்டுக்காகக் கவலைப்பட்டோம். அவ்வளவுதான். இவ்வளவு சந்தோஷம் இவ்வளவு சும்மா கிடைக்கிறதா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது.

ஆழ்வார்குறிச்சி வந்தபோது அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அன்னைக்கு நீங்க குடையோட வந்து நின்னீயளே, வீட்ல எல்லாரும் சிரிச்சாவ. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா? அதுக்கப்புறம் ஒரு தடவையாவது அப்படி வருவீய, வருவீயன்னு பாத்தேன்." நான் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணில் கரி விழுந்துவிட்டது என்றேன். டீசல் இன்ஜினில் கரி ஏது என்று அவள் கேட்கவில்லை.

குற்றாலத்தில் என்ன ஆயிற்று என்றால், அங்கேயும் ஆடி மாதம்தான்: ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். கூட்டம் சொல்லி மாளாது. பின்னாலிருந்து எவனோ ஒருத்தன், "ஏ பெருசு, நீருதான் மொத்தத் தண்ணியையும் வாங்குவீரா, தள்ளி நில்லும்வே" என்று என்னை இடித்துத் தள்ளினான். தலையில் தண்ணீர் விழுந்த விழுகையில் இருபத்தைந்து வருஷத்து ரெஜிஸ்டர் முழுக்கக் கரைந்துவிட்ட மாதிரி இருந்தது. வெளியே வந்தால் என் செருப்பைக் காணோம். வெறுங்காலோடு நடந்து ரம்புட்டான் வாங்கிக் கொடுத்தேன். செருப்பு போனதற்கு நான் கத்துவேன் என்று எதிர்பார்த்து உன் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கத்தவில்லை என்றதும் அந்தப் பழைய சிரிப்பு முழுசாக வந்தது. நான் பக்கத்தில் இருக்கும்போதே வந்தது.

இப்போது மாதம் ஒரு நாள் எங்காவது கிளம்பிவிடுகிறோம். பாய் வாங்குகிறோம் என்று பத்தமடைக்குப் போய், பாயைப் பார்த்துவிட்டு வாங்காமல் வந்தோம். வெயில் கொளுத்துகிற சித்திரையில் திருச்செந்தூர் போய்க் கால் சுட ஓடினோம். எங்கும் போகாத நாளில் சாயங்காலம் ஆற்றுக்கு நடக்கிறோம், சேர்ந்துதான் நடக்கிறோம். ஆனால் எனக்கு ஐம்பத்தாறு ஆகிவிட்டது, அவளுக்கு முழங்கால் வலி. இதை எல்லாம் இரண்டு பேருக்கும் கால் ஓடிய வயதில் செய்திருக்கலாம். யாரும் தடுக்கவில்லை. நானேதான் தடுத்தேன்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். கேஸ் வரட்டும், குழாய் உள்ள வீடு வரட்டும், பீரோ வரட்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறாயே, அதை வாசித்தபோது என் குரல்தான் கேட்டது. தண்ணீர் தெளியட்டும், கூட்டம் குறையட்டும். என் மூக்கு உனக்கு வந்தபோது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்தப் புத்தியும் வந்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை இல்லை. நான் கேஸுக்கு எதிரி அல்ல, அது வரும்போது வரட்டும். ஒற்றை அறை போதும். தெருக்குழாயில் குடம் வைத்து வரிசையில் நிற்பதில் உனக்குக் கௌரவம் குறையாது. முதல் மாதம் ஸ்டவ் புகையில் குழம்பு தீய்ந்துபோகும். சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல், அவள் நம்பமாட்டாள், இருந்தாலும் சொல். ஐப்பசியில் மெட்ராஸ் மழை ஒழுகும். எந்த மூலையில் பாத்திரம் வைப்பது என்று இரண்டு பேரும் சேர்ந்து தீர்மானியுங்கள், அதில் வருகிற சண்டை நல்ல சண்டை. கடற்கரைக்குக் கூட்டமாக இருக்கிற ஞாயிற்றுக்கிழமையே போங்கள். தெரிந்தவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். நண்பர்கள் கேலி செய்வார்கள். சிரித்துவிட்டுப் போ. என்னைப் போல் அதைச் சேர்த்து வைக்காதே.

இங்கே அவளை வைத்துக்கொள்ள எங்களுக்கு இடமில்லை, மனமில்லை என்று நினைத்துவிடாதே. உன் அம்மாவுக்கு அந்தப் பிள்ளை என்றால் உயிர். அதனால்தான் வேண்டாம் என்கிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இங்க வந்து ஒரு வருசம் இருந்தான்னா, எதுவும் கேக்காம இருக்கப் பழகிருவா. பழகுனப்புறம் அவன் கேஸ் அடுப்போட வந்து நின்னு என்ன பிரயோசனம்?" உன் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று எனக்குத்தான் தெரியும். அதனால்தான் அவளை எதிர்த்து எனக்குப் பேச்சு இல்லை.

ஆடி முடிய இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. அறை பார்க்க அது போதும். ஆவணி பிறந்ததும் நேரே அம்பைக்கு வா, இங்கே பிறகு வரலாம். வராவிட்டால் நான் பொய்யன் ஆவேன். அது பெரிய விஷயமில்லை, அம்பை ரூட்டில் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் என் பேச்சைத் தண்ணீர் விஷயத்தைத் தவிர வேறு எதிலும் நம்பியதில்லை. பெரிய விஷயம் வேறு.

அன்று பொய் சொல்லிவிட்டு, அதற்கு மேல் அங்கே உட்காரப் பயந்து கிளம்பிவிட்டேன். தூக்குவாளி நிறைய அவர்கள் வீட்டு அவியலை ஊற்றி, கோமதியே பஸ் ஸ்டாப் வரை கொண்டு வந்து கொடுத்தாள். ஸ்டாப்பில் நின்று, "மாமா, அவுக லெட்டர் கைல இருக்கா?" என்றாள். வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் அம்மா என்றேன். என் சட்டை வெள்ளைச் சட்டை. பைக்குள் இன்லண்ட் லெட்டர் நீலமாகத் தெரிந்திருக்கும் என்பது எனக்கு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து குனிந்து பார்த்தபோதுதான் உறைத்தது. வண்டி கிளம்பப் போகிறது. அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்:

"மாமா, அவுக அப்படி எழுதலன்னு எனக்குத் தெரியும். நீங்க எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

உன் அப்பா